‘இருக்கறத வெச்சு சமாளிங்கக்கா’: எதுவரைக்கும்?

கோவையிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். நீண்ட கடிதத்தின் சாரம் இது:

“தொழிற்பேட்டை பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் ஐந்து மாதமாக நான்தான் சமையல். காலையில் 60 பேருக்கு டிபன், மதியம் 80 சாப்பாடு. சம்பளம் 15,000. சப்ளையர், கிளீனர், பார்சல் கட்டுகிறவர் என்று எல்லோரும் சேர்த்து 11 பேர் இருக்கிறோம். கிரைண்டர் பழுதாகி மூன்று வாரம் ஆகிறது. வீட்டு மிக்ஸியில் மாவு அரைக்கிறேன். அது அடிக்கடி நின்றுவிடுவதால், அடியில் இருக்கும் பட்டன் மேல் உதவிக்கு இருக்கும் தம்பி டேப் ஒட்டிவிட்டான். மாவைக் கழுவிய பெயின்ட் பக்கெட்டில் ஊற்றிப் புளிக்க வைக்கிறோம். இட்லித்தட்டு இரண்டு செட்தான் இருப்பதால் மீதியை டம்ளரில் ஊற்றுகிறேன். தராசு கிடையாது, எல்லாமே டம்ளர் கணக்கு. வடிதட்டு உடைந்துபோனதால், நானும் இன்னொரு அக்காவும் ஈரத்துணியால் அண்டாவைப் பிடித்துச் சாய்த்துச் சோறு வடிக்கிறோம். பாத்திரம் கழுவ பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் ராடு போட்டு வெந்நீர். ராத்திரி மிஞ்சும் சோறு அதே அண்டாவில் மூடி இருக்கும், காலையில் தாளித்து லெமன் ரைஸ் ஆக்கிவிடுவோம்.

போன வாரம் மிக்ஸி புகைந்துபோனது. முதலாளி சம்பளத்தில் 4,500 பிடித்துவிட்டார். அதற்கு முன்னால், மொண்ணைக் கத்தி வழுக்கி விரலில் வெட்டு. கையிலிருந்து செலவு செய்து தனியார் கிளினிக்கில் தையல் போட்டேன். ஒருநாள்கூட லீவு போடவில்லை. எது கேட்டாலும் ‘இருக்கறத வெச்சு சமாளிங்கக்கா, பழைய மாஸ்டர் இதுலதான் செஞ்சார்’ என்கிறார். வேலை தெரிந்தவளுக்கு எந்தப் பாத்திரமும் போதும் என்று நானும் இதுவரை நினைத்தேன். நான் செய்வதில் எது தப்பு? சாப்பிட்டவர் யாருக்காவது வாந்திபேதி வந்தால் பழி என் மேல் வருமா? பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா? வேலையை விட்டுவிடலாமா?”

உணவகச் சமையலறைப் பாதுகாப்பு ஆலோசகர் பதில் தருகிறார்:

டம்ளரில் இட்லி ஊற்றியதை ஏதோ குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கூச்சமே வேண்டாம், சகோதரி. காஞ்சிபுரம் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேகிறது. பாலக்காட்டுப் பக்கம் ராமசேரி இட்லி, மண்பானை வாயில் பின்னிய நூல்வலை மேல் துணி போட்டு வேகிறது. குழித்தட்டு இல்லாத இட்லிகள் இவை.

சமையலறைச் சாமான்களை நான் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். இட்லித்தட்டு, தராசு, கிரைண்டர் போன்றவை வேலை செய்கிற சாமான். மிக்ஸியின் அடியில் இருக்கும் ஓவர்லோடு பட்டன், எர்த் உள்ள பிளக், காய்ந்த கரித்துணி, உணவுக்கென்றே செய்த பாத்திரம் ஆகியவை காவல் காக்கிற சாமான். முதல் வகை இல்லாவிட்டால் கைப்பழக்கம் ஈடுகட்டும், நேரம்தான் கூட ஆகும். இரண்டாவது வகை இல்லாவிட்டால் எந்தக் கைப்பழக்கமும் ஈடாகாது. கை தவறுகிற அந்த ஒரு நாளுக்காகத்தான் அது இருக்கிறது. “எந்தப் பாத்திரமும் போதும்” என்ற உங்கள் நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பது இதனால்தான். உங்கள் பட்டியலில் எட்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. டம்ளர் இட்லி, டம்ளர் அளவு, மிக்ஸியில் அரைப்பது, இந்த மூன்றையும் சின்னத் திருத்தத்தோடு தொடரலாம். மற்ற ஐந்தை நாளையிலிருந்தே நிறுத்த வேண்டும்.

தொடரக்கூடிய மூன்று

டம்ளர் இட்லிக்கு எல்லா டம்ளரும் ஒரே அளவில் இருக்கட்டும். உள்ளே நல்லெண்ணெய் தடவி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆவிப் பாத்திரத்தின் அடியில் துளைத்தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் டம்ளர்களை நிறுத்துங்கள். தண்ணீர் தட்டைத் தொடக் கூடாது. தொட்டால் டம்ளர் ஆடும், அடி மாவு கொழகொழவென்று நிற்கும். தட்டு இட்லி 10, 12 நிமிடத்தில் வெந்துவிடும். டம்ளரில் மாவு ஆழமாக இருப்பதால் 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். நடுவில் குச்சி விட்டுப் பாருங்கள், ஓரத்தில் அல்ல. எக்காரணம் கொண்டும் பிளாஸ்டிக் கப்போ பாலிதீன் தாளோ ஆவிக்குள் போகக் கூடாது. இட்லி அவிக்கும் தட்டில் பிளாஸ்டிக் தாள் விரிக்கிற பழக்கத்துக்கு எதிராகக் கர்நாடக அரசு 2025-இல் நடவடிக்கை எடுத்தது.

டம்ளர் அளவில் உங்களிடம் ஒரு பிழை இருக்கிறது. “ஒரு டம்ளர் 200 கிராம்” என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு வைத்திருக்கிறீர்கள். டம்ளர் காட்டுவது கொள்ளளவு, எடையல்ல. அதே டம்ளரில் மிளகாய்த்தூள் போட்டால் தூள் உப்பின் எடையில் பாதிகூட வராது. கல்லுப்புக்கும் தூள் உப்புக்குமே வித்தியாசம் உண்டு. சாம்பார் ஒருநாள் கரிப்பதும் ஒருநாள் சப்பென்று இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். தராசு இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். ஒரு கிலோ பாக்கெட் வரும்போது, அது எத்தனை தலைதட்டிய டம்ளர் வருகிறது என்று எண்ணுங்கள். உப்பு ஆறு டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் சுமார் 167 கிராம். துவரம்பருப்பு, ரவை, மிளகாய்த்தூள் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை எண்ணிச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு டம்ளரை மட்டும் மாற்றாதீர்கள். 80 பேருக்குத் தலைக்கு 150 மில்லி என்றால் 12 லிட்டர் சாம்பார். லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் உப்பு, ஆக 96 முதல் 120 கிராம். முதலில் குறைந்த அளவைப் போட்டு ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

இனி மிக்ஸி. பெரும்பாலான வீட்டு மிக்ஸிகளின் அடித்தகட்டில் ஓட்டக் கணக்கு அச்சடித்திருக்கும்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு, மொத்தம் 30 நிமிடம். 60 பேருக்குத் தலைக்கு நாலு இட்லி என்றால் 240 இட்லி. அதற்கு நாலரைக் கிலோ அரிசியும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் உளுந்தும் வேண்டும். அத்தனையையும் ஒரு வீட்டு மிக்ஸியில் அரைத்தால் மோட்டார் சூடேறி, சுருளின் மேல்பூச்சு கருகி, புகையத்தான் செய்யும். மாவும் சூடாகும், உளுந்து பொங்காது, இட்லி கல்லாகும்.

அதனால் அரிசியை மிக்ஸிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். இட்லி ரவை வாங்குங்கள். உளுந்து ஒரு பங்குக்கு ரவை இரண்டு முதல் இரண்டரைப் பங்கு, டம்ளர் அளவில். ரவையைக் கழுவி, அரைமணி நேரம் ஊறவிட்டு, ஒட்டப் பிழிந்து வையுங்கள். மிக்ஸியில் உளுந்து மட்டும்: ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், ஃபிரிட்ஜில் வைத்த குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விட்டுவிட்டு அரையுங்கள். ஜாரின் வெளிப்புறம் கைக்குச் சூடாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அரைத்ததைக் கையால் ஐந்து நிமிடம் அடித்துக் காற்றேற்றி, பிறகு ரவையைக் கலக்குங்கள். மிக்ஸிக்கு வேலை பெரிதும் குறைந்துவிடும். இன்னும் சுலபமான வழி, ஊறவைத்ததை ஈரமாவு அரைத்துத் தரும் கடைக்கு அனுப்பிவிடுவது. முதலாளி அந்தக் கூலியை நாலு நாள் கொடுத்துப் பார்த்தால், கிரைண்டர் ரிப்பேர் தானாக நடக்கும்.

நாளையே நிறுத்த வேண்டியவை

பட்டன் மேல் ஒட்டிய டேப். அடுத்து வரும் மிக்ஸியில் அந்தத் தம்பி கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டன் வெளியே தள்ளி மோட்டார் நின்றால் மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கி, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு பட்டனை அழுத்தினால் ஓடும். திரும்பத் திரும்ப நின்றால் சுமை அதிகம் அல்லது பிளேடு இறுகியிருக்கிறது.

பெயின்ட் பக்கெட். எத்தனை தடவை கழுவினாலும் அது உணவுக்கான பிளாஸ்டிக் ஆகாது. இட்லி மாவு புளிக்கும்போது அமிலம் உண்டாகிறது. புளிப்பும் எண்ணெயும் சூடும் பிளாஸ்டிக்கில் தங்கியிருப்பதை இழுத்துவிடும். உள்ளே விழுந்த கீறல்களில் பழைய மாவு ஒட்டிக்கொண்டு, அடுத்த மாவை நாற வைக்கும். அண்டா, குண்டான் எதுவாவது எவர்சில்வரில் இருந்தால் மாவுக்கு அதை ஒதுக்குங்கள். கிடைக்காவிட்டால், உணவு அடைத்து வந்த பக்கெட் மட்டும். தயிர், ஊறுகாய் வந்த பெரிய பக்கெட்டுகளைக் கடைக்காரர்கள் சும்மாவே தருவார்கள். அதன் அடியில் டம்ளரும் முள்கரண்டியும் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் சூடானது எதையும் ஊற்றக் கூடாது.

ஹீட்டர் ராடு. போடுவதென்றால் கழுவும் தண்ணீருக்கு மட்டும், எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில், இரும்பு அடுக்களை மேடையைத் தொடாமல், ஆள் நடமாடாத மூலையில். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிறகுதான் தண்ணீரில் கை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற உங்கள் சமையலறையில் இத்தனை நிபந்தனையும் தினமும் நடக்காது என்பதால் நான் இதை நிறுத்தவே சொல்வேன். அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் வைப்பதற்கு ஆகும் கேஸ் பெரிய செலவில்லை.

சோறு வடிப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. 80 சாப்பாட்டுக்குத் தலைக்கு 120 கிராம் அரிசி என்றால் கிட்டத்தட்ட 10 கிலோ. வடிக்கிற சோற்றுக்கு 45 லிட்டராவது தண்ணீர் வைத்திருப்பீர்கள். அண்டாவோடு சேர்த்து 60 கிலோ, கொதிநிலையில். அதை இரண்டு பேர், வழுவழுத் தரையில், ஈரத்துணியால் பிடித்துச் சாய்க்கிறீர்கள்! “ஈரத்துணி சூட்டைத் தாங்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்மாறு. காய்ந்த துணிக்குள் இருக்கும் காற்று சூட்டைக் கையருகே விடாது. தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். முதல் சில வினாடி குளிர்ச்சியாக இருக்கும், பிறகு துணிக்குள் இருக்கும் நீரே ஆவியாகிக் கையைச் சுடும். அந்த நேரம் அண்டா பாதி சாய்ந்திருக்கும். விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. கரித்துணி எப்போதும் காய்ந்து, நாலு மடிப்பாக இருக்கட்டும். நனைந்தது கொடிக்குப் போக வேண்டும்.

வடிதட்டு வரும்வரை அண்டாவைச் சாய்க்கவே வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தண்ணீரைச் சுண்டவிடும் முறை. ஐந்து கிலோவாக இரண்டு ஈடு போடுங்கள். புழுங்கலரிசி என்றால் ஒரு டம்ளருக்கு இரண்டரை முதல் மூன்று டம்ளர் தண்ணீர். பெரிய அளவில் ஆவியாகிப் போவது குறைவு என்பதால் முதல்முறை இரண்டரையில் தொடங்குங்கள். தண்ணீர் மேல்மட்டத்தில் குழிகுழியாகத் தெரியும்போது தீயைச் சிறுத்து, அண்டாவுக்கு அடியில் பழைய தோசைக்கல் ஒன்றைக் கொடுத்து, மூடி 15 நிமிடம். கல் இல்லாவிட்டால் மெல்லிய அலுமினிய அண்டாவில் அடி பிடித்து, சோறு முழுக்க தீய்ந்த வாடை ஏறிவிடும். இரண்டாவது வழி, அடுப்பை அணைத்துவிட்டு, நீளக்காம்புக் கரண்டியால் மேல் கஞ்சியை மொண்டு பக்கத்துக் குண்டானில் ஊற்றி, மட்டம் இறங்கியதும் ஜல்லிக்கரண்டியால் சோற்றை அள்ளி, துணி விரித்த மூங்கில் கூடையில் போடுவது. பிளாஸ்டிக் மக் கூடாது. கைப்பிடி சூட்டில் இளகிக் கழன்றால் கஞ்சி உங்கள் காலில்தான். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

யாருக்காவது சூடு பட்டால் பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். 20 நிமிடம் என்பது நீண்ட நேரம், கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள்.

ராத்திரி மிஞ்சிய சோறு

உங்கள் இரண்டாவது கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது. “நன்றாகத் தாளித்துச் சுட வைத்துவிடுகிறோம், அப்புறம் என்ன?” என்று கேட்கிறீர்கள். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். அவை கொதிநீரில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. எலுமிச்சையும் பெருங்காயமும் வாடையை மறைக்கும், நஞ்சை எடுக்காது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் இவற்றுக்கு வசதி. மூடிய அண்டாவின் நடுவில் இருக்கும் சோறு அந்த இடைவெளியில் பல மணி நேரம் கிடக்கிறது. கையை வைத்துப் பார்த்தால் மேலே ஆறியிருக்கும். உள்ளே கையை விட்டுப் பாருங்கள்.

“நம் பாட்டி பழையது சாப்பிடவில்லையா” என்று முதலாளி சொன்னாராம். பழையது வேறு. ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைக்கிறோம், அது புளிக்கிறது, புளிப்பு பல கிருமிகளை வளரவிடாது. உங்கள் அண்டாவில் இருப்பது தண்ணீர் ஊற்றாத, புளிக்காத, சூடு ஆறாத சோறு. பழையதின் பெயரைச் சொல்லி அதை விற்கக் கூடாது.

செய்யக்கூடியது: முதலில் குறைவாக ஆக்குங்கள். எவ்வளவு மிஞ்சியது என்று பதினைந்து நாள் எழுதினாலே அரிசி அளவு பிடிபடும். மிஞ்சியது உடனே ஆற வேண்டும். அகலத் தாம்பாளத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமில்லாமல் பரப்பி, மின்விசிறி போட்டு, 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கி, பிறகு ஃபிரிட்ஜ். சாம்பாருக்கும் இதே விதிதான்: சின்னப் பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் கிளறி ஆற்றுங்கள். மறுபடி சூடாக்கும்போது ஓரத்தில் குமிழி வந்தால் போதாது, நடுவில் கொதி தளதளக்க வேண்டும். உங்கள் மெஸ்ஸில் இருப்பது ஒரே ஒரு வீட்டு ஃபிரிட்ஜ், அதிலும் பால் பாக்கெட் நிரம்பியிருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் மிஞ்சிய சோற்றுக்கு இடமில்லை. அன்றிரவே ஆட்களுக்குப் போட்டுவிடுங்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள். சோற்றைக் கொட்டுவது மனசுக்குக் கஷ்டம்தான்.

விரல் வெட்டைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். மஞ்சள் வைத்துத் துணி சுற்றிச் சமைத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆறாத புண்ணில் இருக்கக்கூடிய ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் சூட்டில் அழியாதது. புண் ஆறும்வரை பிளாஸ்திரி, அதன் மேல் கையுறை, முடிந்தால் பிசைகிற, பரிமாறுகிற வேலையை இன்னொருவருக்கு மாற்றிவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று கிளினிக் சீட்டில் பாருங்கள். கத்தி மொண்ணையாக இருப்பதால்தான் அழுத்தினீர்கள், அழுத்தியதால்தான் வழுக்கியது. சாணைக்காரர் வரும்வரை, பீங்கான் கப்பின் அடி விளிம்பில் பளபளப்பில்லாத சொரசொரப்பு வளையம் இருக்குமே, அதில் கத்தியை 20 டிகிரிச் சாய்வில் ஒரே திசையாகப் பக்கத்துக்குப் பத்து இழுப்பு. பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. ஈரத்துணிக்குச் சமையலறையில் சரியான இடம் அது.

பழி யாருக்கு?

உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன்படி முதல் பொறுப்பு, உணவு வணிகத்தை நடத்துகிறவருக்கு. மெஸ் சுவரில் உணவு பாதுகாப்பு உரிமமோ பதிவுச் சான்றோ மாட்டியிருக்க வேண்டும். அதில் யார் பெயர் என்று பாருங்கள். சுகாதாரக் குறைவான சூழலில் உணவு தயாரிப்பதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் இடமுண்டு.

ஆனால் “நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள், எனக்கு ஒன்றும் வராது” என்று முழுக்க நம்பியிருக்காதீர்கள். கெட்டது என்று தெரிந்தே பரிமாறினால், அலட்சியத்துக்கான குற்றவியல் சட்டம் தனி ஆளையும் தொடும். இந்தப் பதிலைப் படித்த பிறகு அந்த அண்டாச் சோறு உங்களுக்குத் தெரிந்த விஷயம். அதனால் நிறுத்துவதோடு, நிறுத்தியதை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

4,500 ரூபாயும் தையல் செலவும்

சம்பளத்தில் சாமான் சேதத்துக்குப் பிடிக்கவே கூடாது என்றில்லை. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முந்தைய 1936-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன நிபந்தனைகளையே அதுவும் சொல்கிறது. பொருள் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் உங்கள் அலட்சியத்தால் நேரடியாக நேர்ந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். சேத மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. உங்களிடம் விளக்கமே கேட்கவில்லை. பழைய மிக்ஸிக்குப் புது மிக்ஸி விலை பிடித்ததாகவும் தெரிகிறது. வீட்டு மிக்ஸியை 60 பேர் மாவுக்குக் கொடுத்தது உங்கள் முடிவும் அல்ல. அடித்தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் பலமான சாட்சி.

பலவீனம் அந்த டேப். ஒட்டியது தம்பி என்றாலும் உங்களுக்குத் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலாளி தரப்பு அதைத்தான் பிடிக்கும். ஆகவே முழுப் பணம்தான் என்று விறைப்பாக நிற்காமல், விளக்கம் கேட்காமல் பிடித்தது செல்லாது என்ற இடத்தில் தொடங்குங்கள். பாதிக்குச் சம்மதித்தாலும் நஷ்டமில்லை. பேசிப் பயனில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுக்கலாம்.

தையல் செலவு இதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற உணவகத்துக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பொருந்தும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். நீங்கள் 11 பேர், உங்கள் சம்பளம் 15,000. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 488 ரூபாய். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா, உங்களுக்குக் காப்பீட்டு எண் கொடுத்தார்களா என்று கேளுங்கள். வேலையில் பட்ட காயத்துக்குச் சிகிச்சை சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையிலேயே கிடைத்திருக்கும். காயத்தால் மூன்று நாளோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்கு உதவித்தொகை உண்டு. வேலைக்காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஒருநாள்கூட லீவு போடாமல் வேலை செய்தது உங்கள் நல்ல மனசு, ஆனால் அதனாலேயே இந்த உரிமை கைநழுவியது. பதிவே செய்யவில்லை என்று தெரிந்தால் கோவை இஎஸ்ஐ அலுவலகத்தில் புகார் தரலாம். உங்களோடு இருக்கும் பத்துப் பேருக்கும் சேர்த்து நடக்கிற காரியம் அது. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

விடுவதா, இருப்பதா?

இப்போதே விட வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் இன்னும் முறையாகக் கேட்கவே இல்லை. வேலை நடுவில், அடுப்பு எரியும்போது, “கிரைண்டர் இல்லாம கஷ்டமா இருக்குது” என்று சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த அரைமணியில் சாப்பாடும் தயாராகிவிடுகிறது. பார்க்கிறவருக்கு அதில் கஷ்டம் எங்கே தெரியும்? நீங்கள் நன்றாகச் சமாளிக்கச் சமாளிக்க, சாமான் தேவையில்லை என்றுதான் அவர் புரிந்துகொள்வார்.

மதியம் மூன்று மணிக்கு மேல், கல்லா அடங்கிய நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பத்துச் சாமான் பட்டியல் நீட்டினால் ஒன்றும் வராது. வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் வாரம் வடிதட்டு, கரித்துணி ஒரு டஜன், மாவுக்கு ஒரு எவர்சில்வர் அண்டா, கத்திக்குச் சாணை. இரண்டாம் வாரம் கிரைண்டர் ரிப்பேர். அதுவரை மாவு அரைப்பு வெளியே. மாதக் கடைசியில் பத்துக் கிலோ தராசும் உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானியும். இரண்டும் சில நூறு ரூபாய்ச் சாமான்கள். பேசி முடித்த அன்றே இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

“அண்ணா, இன்னைக்குப் பேசினபடி வடிதட்டு வர்ற வரைக்கும் அண்டாவைச் சாய்ச்சு வடிக்க மாட்டோம், சோறு ரெண்டு ஈடா ஆகும், பத்து நிமிஷம் முன்னப்பின்ன ஆகும். ராத்திரி மிஞ்சின சோறு காலைல போட மாட்டோம். மாவு நாளைலேர்ந்து வெளிய அரைச்சு வாங்கறேன், பில்லு தர்றேன். மிக்ஸிக்குப் பிடிச்ச பணத்தைப் பத்தி சனிக்கிழமை பேசலாம்ங்ண்ணா.”

இதில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. என்ன நடக்கும் என்கிற தகவல் மட்டும். ஒரு மாதம் பாருங்கள். வடிதட்டுகூட வரவில்லை என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள், ஆனால் அடுத்த வேலை கையில் வந்த பிறகு சொல்லிக்கொண்டு விலகுங்கள். பாக்கிச் சம்பளத்தை வாங்க அது வசதி. புது இடத்தில் சம்பளம் பேசுவதற்கு முன் சமையலறையைக் காட்டச் சொல்லுங்கள். மிக்ஸியைக் கவிழ்த்து அடிப்பட்டனைப் பாருங்கள், கொடியில் கரித்துணி காய்கிறதா என்று பாருங்கள், ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடம் என்றால், அங்கேயும் ‘சமாளிங்கக்கா’தான்.